விண்டோஸ் 10 முடிந்துவிட்டது: நன்றாக ஓடுகிற கணினிகளை என்ன செய்வது?

நெல்லை டி.டி.பி.

வணக்கம். திருநெல்வேலியில் சின்னதாக ஒரு டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், பில் புத்தகம், ஆய்வேடு தட்டச்சு, ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் செய்கிறோம். மொத்தம் ஐந்து கணினிகள், எல்லாம் இன்டெல் ஐ3, ஐ5. நான்காம் தலைமுறையில் மூன்று, ஆறாம் தலைமுறையில் இரண்டு. ஐந்திலும் விண்டோஸ் 10.

இப்போது எதைத் திறந்தாலும் "உங்கள் கணினி விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறவில்லை" என்று வருகிறது. கணினி விற்பவரைக் கேட்டால் ஐந்தையும் மாற்றச் சொல்கிறார். ஒரு நாள்கூட மக்கர் பண்ணாத கணினிகள். வேர்ட் திறக்கிறது, ஸ்கேன் எடுக்கிறது, பிரிண்ட் போகிறது. ஒரு நிறுவனம் தேதி குறித்துவிட்டது என்பதற்காக இவற்றை ஏன் பழைய இரும்புக்கடைக்கு அனுப்ப வேண்டும் என்று கோபமாகத்தான் வருகிறது.

விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போடலாம் என்று தம்பி ஒருவர் சொன்னார். எங்கள் வேலை முழுக்கத் தமிழ். வானவில் எழுத்துருவில் பல வருடக் கோப்புகள் கிடக்கின்றன. பக்கம் வடிவமைக்கும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கரின் கோப்புகளும் நிறைய. ஒரு கணினியில் கணக்கு எழுதும் டேலி. கடைப் பெண்கள் இரண்டு பேர் பழைய டைப்ரைட்டர் விசைப்பலகையில்தான் அடிப்பார்கள். இதையெல்லாம் வைத்துக்கொண்டு மாற முடியுமா? மாறியவர்கள் உண்மையைச் சொல்லுங்கள்.

சர்வர் அறை, சென்னை

முதலில் பயத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள் அண்ணா. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன, அவ்வளவுதான். கணினி நிற்காது, கோப்புகள் போகாது. ஆனால் இனிமேல் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைபடாமலே இருக்கும். 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாக்ரை வைரஸ் பரவியபோது, அதற்கான திருத்தம் இரண்டு மாதம் முன்பே வந்திருந்தது. அதைப் போடாத கணினிகள்தான் மாட்டின. இன்றே ஆபத்து என்று சொல்லமாட்டேன். மாதம் போகப் போக ஆபத்து கூடும்.

உங்கள் கணினிகள் ஏன் தகுதி பெறவில்லை என்றால் காரணம் இரண்டு. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். அதோடு இன்டெல்லில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். உங்கள் ஆறாம் தலைமுறைக் கணினியில் டி.பி.எம்.மை பயாஸில் (கணினி தொடங்கும்போது வரும் அடிப்படை அமைப்பில்) போய் இயக்கிவிடலாம். ஆனாலும் செயலி (பிராசசர்) பட்டியலில் இல்லாததால் மறுக்கும். வேகம் போதாது என்பதல்ல, ஆதரவுப் பட்டியலில் எங்கே கோடு போடுவது என்று அவர்கள் எடுத்த முடிவு. அதனால் உங்கள் கோபம் நியாயமானது.

கூடுதல் ஆண்டுத் திட்டம் ஒன்று உண்டு. வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை திருத்தங்கள் வரும். 30 டாலர் கட்டலாம், அல்லது அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கில் காப்பெடுக்கச் சம்மதித்தால் கட்டணம் இல்லை. பணம் கட்டினாலும் கணக்கு கட்டாயம். கணினி விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2-இல் இருக்க வேண்டும். நீங்கள் கடை நடத்துவதால் முறைப்படி வணிகத் திட்டம்தான் பொருந்தும். அது ஒரு கணினிக்கு முதல் ஆண்டு 61 டாலர், அடுத்தடுத்த ஆண்டு இரட்டிப்பாகும், மூன்று ஆண்டுகள் வரை. ஐந்து கணினிக்கு மூன்று ஆண்டுகள் கட்டினால் புதுசே வாங்கிவிடலாம்.

கோவைக் கணக்கர்

ரூஃபஸ் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. அதில் விண்டோஸ் 11 பென்டிரைவ் தயாரிக்கும்போது டி.பி.எம். சோதனையை நீக்கு என்று ஒரு தேர்வு வரும். அதைப் போட்டால் பழைய கணினியிலும் 11 ஏறிவிடும். எங்கள் அலுவலகத்தில் ஒன்றில் அப்படித்தான் ஓடுகிறது. எனக்கு டேலி இல்லாமல் ஒரு நாள் நகராது, டேலி விண்டோஸுக்கு மட்டும்தான் வருகிறது. அதனால் லினக்ஸ் பேச்சே எங்களுக்குச் சரிவராது.

சர்வர் அறை, சென்னை

ஏறும், ஓடும். ஆனால் அப்படிப்பட்ட கணினிகளுக்குப் புதுப்பிப்பு தருவதாக உறுதி எதுவும் இல்லை என்று மைக்ரோசாஃப்ட் எழுதியே வைத்திருக்கிறது. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு வந்தபோது சில பழைய செயலி ஆணைகளைக் கட்டாயமாக்கினார்கள், மிகப் பழைய கணினிகள் அங்கேயே நின்றுபோயின. நெல்லை அண்ணாவின் கணினிகளுக்கு இன்று அந்தத் தடை இல்லை. நாளை எந்தப் பதிப்பில் எதை மாற்றுவார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. வீட்டில் வைத்துச் செய்து பாருங்கள். வாடிக்கையாளர் வரிக்கணக்கு இருக்கும் கணினியில் இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பொறியியல் மாணவன்

தகுதியான கணினி இருந்தும் 11 பக்கம் போக எனக்கு மனம் வரவில்லை. நிறுவும்போதே இணையமும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் கேட்கிறது. ஹோம் பதிப்பில் முதலிலிருந்தே அப்படி, விண்டோஸ் 11-இன் 22எச்2 பதிப்புக்குப் பிறகு ப்ரோவிலும். உள்ளூர்க் கணக்கு போட மக்கள் கண்டுபிடித்த குறுக்கு வழிகளையும் சோதனைப் பதிப்புகளில் ஒவ்வொன்றாக அடைத்து வருகிறார்கள். 2024 ஏப்ரல் புதுப்பிப்பில் ஸ்டார்ட் மெனுவுக்குள் "பரிந்துரை" என்ற பெயரில் ஆப் விளம்பரம் வந்தது. அணைக்க முடியும், ஆனால் காசு கொடுத்து வாங்கிய ஒன்றில் நாம் ஏன் போய் அணைக்க வேண்டும்? டாஸ்க்பாரைப் பக்கவாட்டில் வைக்கும் வசதி, விண்டோஸ் 95-லேயே இருந்தது, 11 வந்தபோது காணாமல் போனது.

அப்புறம் ரீகால். சில நொடிக்கு ஒரு முறை திரையைப் படம் பிடித்து வைத்து, பிறகு தேடித் தரும் வசதி. 2024 மே மாதம் அறிவித்தார்கள். அந்தப் படங்களிலிருந்து எடுத்த எழுத்தெல்லாம் பூட்டில்லாமல் ஒரு தரவுத்தளத்தில் கிடப்பதைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் காட்டியதும் பின்வாங்கினார்கள். குறியாக்கம் சேர்த்து, நாமே இயக்கினால்தான் வேலை செய்யும் என்று மாற்றி, 2025 ஏப்ரலில் வெளியிட்டார்கள். இது புதிய கோபைலட் பிளஸ் கணினிகளுக்கு மட்டும்தான், நெல்லை அண்ணா கடைக்கு வராது. நான் சொல்ல வந்தது, யாரைக் கேட்டு இதை முடிவு செய்கிறார்கள் என்பது.

விளையாட்டுக்காக விண்டோஸை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: ஸ்டீம் என்ற விளையாட்டுக் கடையில், விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்டும் புரோட்டான் வந்த பிறகு லினக்ஸில் நிறைய ஓடுகிறது. வாலரன்ட், ஃபோர்ட்நைட் ஓடாது.

விழுப்புரம் பென்குயின்

நெல்லை அண்ணா, உங்கள் கேள்வியைப் பார்த்ததும் விரிவாக எழுத வேண்டும் என்று தோன்றியது. ஏனென்றால் தமிழ் வேலை செய்கிறவர்களுக்கு இதைப் பொறுமையாகச் சொல்கிறவர்கள் குறைவு.

உங்கள் ஐ3, ஐ5 கணினிகளுக்கு லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் சரியாக இருக்கும். 22-ஆம் வரிசை எடுத்துக்கொள்ளுங்கள். உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸின் 24.04 பதிப்பை அடிப்படையாகக் கொண்டது, 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். கட்டணம் இல்லை, கணக்கு கேட்காது. சின்னமன் என்ற முகப்பு, விண்டோஸ் 7 பழகியவர்களுக்கு அரைமணி நேரத்தில் கைக்கு வந்துவிடும். நினைவகம் 4 ஜி.பி.தான் என்றால் எக்ஸ்எஃப்சிஇ முகப்பு போடுங்கள், இன்னும் இலேசு. சோரின் என்ற லினக்ஸும் நல்லது, அவர்கள் 18-ஆம் பதிப்பை விண்டோஸ் 10 நின்ற அதே அக்டோபர் 14 அன்று வெளியிட்டார்கள்.

நிறுவுவதற்கு முன் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், டிஸ்கில் எதுவும் எழுதாது. வைஃபை வருகிறதா, பிரிண்டர் தெரிகிறதா, ஸ்கேனர் பேசுகிறதா என்று அப்போதே பார்த்துவிடுங்கள். வராவிட்டால் பென்டிரைவைக் கழற்றிவிடலாம், அந்தக் கணினி விண்டோஸிலேயே இருக்கட்டும்.

தமிழ் தட்டச்சு பற்றி. என்.எச்.எம். ரைட்டர், அழகி இரண்டும் விண்டோஸுக்கானவை, அவை வராது. அதற்குப் பதிலாக ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருள், அதோடு எம்17என் என்ற விசைப்பலகைத் தொகுப்பு. ஐபஸ்-எம்17என் என்று மென்பொருள் மேலாளரில் தேடி நிறுவி, ஒரு முறை வெளியேறி உள்ளே வந்தால் போதும். தமிழ்99, இன்ஸ்கிரிப்ட், ஒலிபெயர்ப்பு, டைப்ரைட்டர் எல்லாம் அதில் இருக்கின்றன. கடையில் இருக்கும் இரண்டு பேரும் பழைய டைப்ரைட்டர் முறையிலேயே அடிக்கலாம். விரல் பழக்கம் மாறாது, திரையில் விழுவது மட்டும் எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யுனிகோடாக இருக்கும். சில எழுத்துகளின் இடம் நீங்கள் பழகியதிலிருந்து வேறுபட்டால் சொல்லுங்கள். அந்த விசைப்பலகைக் கோப்பு சாதாரண உரைக்கோப்புதான், திருத்தித் தருகிறேன்.

எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ், லோகித், மீரா இனிமை எல்லாம் இலவசம். பத்திரிகை வேலைக்கு இவை போதாது என்று தெரியும். வாங்கி வைத்திருக்கும் யுனிகோடு எழுத்துருக்களை அப்படியே கொண்டுவந்து போடலாம்.

டைம்ஷிப்ட் என்ற மென்பொருள் மின்ட்டிலேயே இருக்கிறது. ஏதாவது புதுப்பிப்பில் இடறினால் முந்தின நிலைக்குத் திரும்பலாம். முதல் நாளே அதை இயக்கிவிடுங்கள்.

ஈரோடு சர்வீஸ்

பென்குயின் தம்பி சொல்வதெல்லாம் சரி. ஆனால் நான் பழுது பார்க்கிற கடையில் உட்கார்ந்திருக்கிறவன். லினக்ஸ் போட்டுக் கொடுத்தவர்களில் சிலர் திரும்பி வந்து, பழையபடி மாற்றித் தரச் சொன்னார்கள். ஏன் வந்தார்கள் என்பதையும் நெல்லைக்காரர் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் காரணம் பிரிண்டர். ஹெச்.பி. பெரும்பாலானவற்றுக்குப் பிரச்சினை இல்லை, ஹெச்.பி.லிப் என்று மென்பொருளே இருக்கிறது. ஆனால் கடைகளில் அதிகம் புழங்கும் சில பழைய லேசர் பிரிண்டர்கள் தங்களுக்கென்று தனி நெறிமுறையில் பேசுகிறவை. அவற்றுக்கு லினக்ஸ் டிரைவர் இருந்தாலும் போடுவதற்குள் பொழுது போய்விடும், அடுத்த புதுப்பிப்பில் மறுபடி நின்றுவிடும். டி.டி.பி. கடையில் பிரிண்டர் நின்றால் கல்லாவும் நிற்கும்.

இரண்டாவது, டிஜிட்டல் கையொப்ப டோக்கன், விரல்ரேகைக் கருவி. இவற்றோடு வரும் மென்பொருளை விண்டோஸில்தான் ஒழுங்காகச் சோதித்திருக்கிறார்கள். லினக்ஸ் பதிப்பு உண்டு என்று எழுதியிருந்தாலும் உதவி எண்ணுக்கு அழைத்தால் எதிர்முனையில் இருப்பவர் விண்டோஸ் என்று மட்டும்தான் பேசுவார். ஆன்லைன் விண்ணப்ப வேலை செய்கிறவர்கள் ஒரு விண்டோஸ் கணினியாவது வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது எக்செல் மேக்ரோ, அதாவது வேலையைத் தானாகச் செய்ய எழுதி வைக்கும் சிறு நிரல். மைக்ரோசாஃப்ட் ஆபீஸுக்குப் பதிலாக வரும் இலவச லிப்ரே ஆபீஸில் சாதாரணக் கோப்பு திறக்கும், மேக்ரோ எழுதி வைத்திருந்தால் பல உடையும். வேர்டில் வரும் ஆய்வேடுகளில் பக்க எண், அட்டவணை நகர்ந்துவிடும். ஆய்வேட்டில் ஒரு பக்கம் நகர்ந்தாலும் மாணவர் நம்மைத்தான் கேட்பார்.

நான் லினக்ஸ் எதிரி இல்லை. இணையம், யூடியூப், கடிதம், பிள்ளைகள் படிப்பு என்றால் கண்ணை மூடிக்கொண்டு மின்ட் போடுவேன். ஆனால் வருமானம் ஓடுகிற கணினியில் ஒவ்வொரு கருவியாகச் சோதித்த பிறகுதான் மாற வேண்டும். ஐந்தையும் ஒரே நாளில் மாற்றிவிடாதீர்கள்.

இன்னொன்று. எந்த இயங்குதளம் போட்டாலும் முதலில் பழைய ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு அதைவிட வேகமான எஸ்.எஸ்.டி. சேமிப்பகம் போடுங்கள். கணினி மெதுவாக இருக்கிறது, மாற்ற வேண்டும் என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அதுவே தீர்வாகிவிடுகிறது.

விழுப்புரம் பென்குயின்

மறுக்கவில்லை அண்ணா. அதனால்தான் பென்டிரைவில் முதலில் பார்க்கச் சொன்னேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: ஆய்வேட்டை வாடிக்கையாளரே வேர்டில் கொண்டுவந்தால் அதை வேர்டிலேயே முடிப்பதுதான் நேர்மை. நம் கடையில் தொடங்கி நம் கடையில் முடிகிற வேலையை லிப்ரே ஆபீஸில் செய்யலாம், பி.டி.எஃப். ஆகக் கொடுத்துவிடலாம். எது எங்கே தொடங்குகிறது என்று பார்த்தாலே எந்தக் கணினி மாறலாம் என்று தெரிந்துவிடும்.

யாழ் ஆசிரியை

வணக்கம் அண்ணை. எங்கட பக்கத்து அனுபவத்தையும் சொல்லலாம் என்று நினைக்கிறன். இங்கே பாடசாலைக் கணினி அறையில் இருப்பவை பெரும்பாலும் யாரோ அன்பளிப்பாகத் தந்த பழைய கணினிகள். புதிது வாங்க வழியில்லை. அவற்றில் விண்டோஸ் 11 ஏறாது, 10-ஐ அப்படியே விட்டுப் பிள்ளைகளை இணையத்துக்கு விடவும் மனமில்லை. ஆகவே லினக்ஸ் போட்டோம்.

இலங்கையில் ரெங்கநாதன் விசைப்பலகைதான் நியமமானது. அது எம்17என் தொகுப்பிலேயே இருப்பது தெரிந்தபோது பெரிய நிம்மதி. பிள்ளைகளுக்கு எந்தச் சிரமமும் இல்லை. அவர்களுக்கு விண்டோஸ் பழக்கம் முதலில் இருந்தால்தானே மாற்றம் என்று ஒன்று இருக்கும்? சிரமம் எங்களுக்குத்தான். ஆசிரியர்கள் எல்லாரும் பாமினியில் வினாத்தாள் அடித்துப் பழகியவர்கள். பாமினி எழுத்துருவை லினக்ஸில் போட்டால் பழைய வினாத்தாள் திறந்து அச்சாகிறது. ஆனால் அதைத் திருத்த வேண்டுமென்றால் விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்றி அடிக்க வேணும், புதிய கடிதம் என்றால் தமிழுக்கு மாற்ற வேணும். சிலர் இரண்டுக்கும் நடுவில் குழம்பிப் போனார்கள். கடைசியில் பழைய வினாத்தாள்களை எல்லாம் யுனிகோடுக்கு மாற்றிவிடுவது என்று முடிவெடுத்தோம். அதற்குப் பிறகுதான் நிம்மதி.

நெல்லை டி.டி.பி.

எல்லாருக்கும் நன்றி. ஆசிரியை சொன்ன இடத்தில்தான் என் மனம் நிற்கிறது. எங்களிடம் வானவில்லில் அடித்தது அவ்வளவு இருக்கிறது. கோயில் மலர், ஊர்ச் சங்க ஆண்டறிக்கை, எத்தனையோ கவிஞர்களின் சின்னச் சின்னத் தொகுப்புகள். எழுதியவர்களில் சிலர் இன்று இல்லை. மறுபதிப்பு வேண்டும் என்று அவர்கள் பிள்ளைகள் வந்து கேட்கிறார்கள். அது கெட்டுவிடக் கூடாது. மாற்றினால் பிழை வருமா? பேஜ்மேக்கர் கோப்பை என்ன செய்வது?

சர்வர் அறை, சென்னை

இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. உங்களைக் கட்டிப்போட்டிருப்பது விண்டோஸ் அல்ல, அந்தக் கோப்புகள். நீங்கள் விண்டோஸ் 11-க்கே போனாலும் இந்தப் பிரச்சினை கூடவே வரும்.

வானவில், பாமினி போன்றவை எப்படி வேலை செய்கின்றன என்றால், ஆங்கில எழுத்துகளுக்கான இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்திருக்கிறார்கள். திரையில் "அம்மா" என்று தெரியும், கோப்புக்குள் இருப்பது ஏதோ நான்கு ஐந்து ரோமன் குறிகள். எழுத்துரு இருக்கும்வரை தமிழ். இல்லாவிட்டால் அது வெறும் குப்பை எழுத்து. தேட முடியாது, அகரவரிசைப்படுத்த முடியாது, பிழைதிருத்தி வேலை செய்யாது. தமிழக அரசே 2010-ல் யுனிகோடை ஏற்றுக்கொண்டது. அச்சுத் தொழில் மட்டும் பேஜ்மேக்கரை விடாததால் பழைய குறியீட்டிலேயே தங்கிவிட்டது. பேஜ்மேக்கர் 7 வெளியானது 2001-ல். அதற்குப் பிறகு அடோபி அதை வளர்க்கவே இல்லை, அதற்கு யுனிகோடும் தெரியாது. அதனால் எழுத்துரு விற்பவர்களும் பழைய குறியீட்டிலேயே விற்றார்கள், நாமும் அதிலேயே அடித்தோம்.

மாற்றும்போது பிழை வருமா என்றால், நல்ல மாற்றியாக இருந்தால் குறைவாக வரும். கவனிக்க வேண்டியது கொம்பு. பழைய எழுத்துருவில் "கொ" என்பது கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் இருக்கும். யுனிகோடில் முதலில் க, பிறகு ஒகரக் குறி. மாற்றி இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். ஒளகாரமும் "ள"வும் ஒரே மாதிரி இருப்பதால் அங்கே சில இடறும். ஆங்கிலச் சொற்கள் கலந்த பத்தியில் ஆங்கிலத்தையும் சேர்த்துத் தமிழாக்கிவிடும், அதைக் கண்ணால் பார்த்துத்தான் திருத்த வேண்டும். கவிதை நூலென்றால் முழுசாக ஒரு முறை மெய்ப்புப் பார்த்தே ஆக வேண்டும்.

கருவிகள்: என்.எச்.எம். கன்வெர்ட்டர் விண்டோஸில் இருக்கிறது, மாறுவதற்கு முன்பே அதை வைத்து மாற்றிக்கொள்ளலாம். மொத்தமாக மாற்ற ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நூலகத்தில் பல பழைய குறியீடுகளுக்கு மாற்றிகள் இருக்கின்றன. ஒரு கோப்புறையில் இருக்கும் உரைக்கோப்புகள் அத்தனையையும் ஒரே மூச்சில் மாற்றிவிடும். அசலை அழிக்காதீர்கள். மாற்றியது தனிக் கோப்புறையில் இருக்கட்டும்.

பேஜ்மேக்கர் கோப்பை லிப்ரே ஆபீஸ் டிரா திறக்கும், பக்கம் வடிவமைக்கும் இலவச மென்பொருளான ஸ்கிரைபஸும் திறக்கும். ஆனால் பக்க அமைப்பு அப்படியே வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். என் யோசனை வேறு. ஒவ்வொரு நூலையும் பேஜ்மேக்கரிலேயே திறந்து இரண்டு விதமாக எடுத்து வையுங்கள்: ஒன்று பி.டி.எஃப்., இன்னொன்று உரை மட்டும். பி.டி.எஃப். இருந்தால் நூல் எப்படி இருந்தது என்பது என்றைக்கும் தெரியும். உரை இருந்தால் யுனிகோடாக்கி மறுபடி வடிவமைக்கலாம். பேஜ்மேக்கரைத் தொடர்ந்து திறக்க வேண்டிய தேவை இருந்தால், லினக்ஸுக்குள் ஒரு மெய்நிகர்க் கணினியில் (மென்பொருளாலேயே உருவாக்கும் கணினியில்) உங்கள் பழைய விண்டோஸை நிறுவி, அதன் இணைய இணைப்பைத் துண்டித்து வைத்துவிடலாம். இணையமே தொடாத கணினிக்குத் திருத்தம் வராதது பெரிய கவலை இல்லை.

பொறியியல் மாணவன்

ஸ்கிரைபஸில் தமிழ் உடையும் என்று கேள்விப்பட்டேனே?

விழுப்புரம் பென்குயின்

பழைய 1.4 பதிப்பில் உடையும். 2024 ஜனவரியில் வந்த 1.6-லிருந்து இந்திய எழுத்துகள் சரியாகச் சேர்கின்றன. பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டுப் பலர் இன்னும் அதையே சொல்கிறார்கள். அடோபியின் பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனோடு ஒப்பிட்டால் ஸ்கிரைபஸ் கை நிறைய வேலை வாங்கும், அதை ஒத்துக்கொள்கிறேன். நோட்டீஸ், பத்திரிகைக்கு இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருள் இன்னும் வசதி. ஆனால் நாளைக்கு நூறு நோட்டீஸ் என்று அவசரமாக வரும் வேலையை முதல் மாதம் இதில் எடுக்காதீர்கள்.

ஈரோடு சர்வீஸ்

ஒரு கேள்வி. நம் ஊர் அரசு மாணவர்களுக்குக் கொடுத்த இலவச மடிக்கணினியில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கியது, தமிழும் உண்டு. என் கடைக்கு வந்த எந்தப் பையனும் அதைத் தொட்டதாகச் சொல்லவில்லை. அரசே கொடுத்தும் ஏன் ஓடவில்லை?

விழுப்புரம் பென்குயின்

கொடுத்தார்கள், சொல்லிக்கொடுக்கவில்லை. கேரளத்தைப் பாருங்கள். அங்கே பள்ளிப் பாடப்புத்தகமே கட்டற்ற மென்பொருளை வைத்து எழுதப்பட்டிருக்கிறது, ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், கைட் என்ற அரசு நிறுவனம் பள்ளிகளுக்கென்று லினக்ஸ் பதிப்பையே தயாரித்துத் தருகிறது. அதனால் அங்கே நிலைத்தது. நம்மிடமும் தமிழக அரசின் எல்காட் நிறுவனம் உமாசங்கர் என்ற அதிகாரியின் பொறுப்பில் இருந்த காலத்தில் சூசே லினக்ஸுக்கு மாறியது. ஒரு அதிகாரியின் முனைப்பாக இருந்ததே தவிர, பள்ளிக்கூடம்வரை இறங்கி வேர் பிடிக்கவில்லை.

ஜெர்மனியில் மியூனிக் நகராட்சி 2003-ல் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்து, ஏறத்தாழ 15,000 கணினிகளை மாற்றி முடித்து, 2017-ல் மறுபடி விண்டோஸுக்கே திரும்ப வாக்களித்தது. அதைக் காட்டித்தான் எல்லாரும் "பார்த்தாயா, நடக்காது" என்பார்கள். ஆனால் அதே ஜெர்மனியில் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் 2024-ல் 30,000 அரசுக் கணினிகளை லிப்ரே ஆபீஸுக்கும் பிறகு லினக்ஸுக்கும் மாற்றுவதாக அறிவித்து, படிப்படியாகச் செய்து வருகிறது. முதலில் அலுவலக மென்பொருள், பிறகு மின்னஞ்சல், கடைசியில்தான் இயங்குதளம். நெல்லைக் கடைக்கும் அந்த வரிசைதான் பொருந்தும். இன்றைக்கு விண்டோஸிலேயே லிப்ரே ஆபீஸ், ஃபயர்பாக்ஸ், இங்க்ஸ்கேப் போட்டுப் பழகுங்கள். மூன்று மாதம் கழித்து அடியில் இருக்கும் இயங்குதளத்தை மாற்றினால் கடைப் பெண்களுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது.

சிங்கை வாசகர்

ஆப்பிளின் மேக் பற்றி யாரும் பேசவில்லையே. தமிழ்99, அஞ்சல் இரண்டு விசைப்பலகையும் உள்ளேயே வருகின்றன. முத்து நெடுமாறன் வடிவமைத்த இணைமதி எழுத்துரு பல ஆண்டுகளாக மேக்கில் இருக்கிறது. இன்டிசைனும் ஓடும். வடிவமைப்பு வேலைக்கு ஒரு மேக் மினி வாங்குவது வீண் செலவு இல்லை.

சர்வர் அறை, சென்னை

நல்ல கணினிதான். எம்4 மேக் மினி இந்தியாவில் 59,900 ரூபாய்க்கு அறிமுகமானது. அதற்கு மேல் இன்டிசைன் சந்தா. ஆனால் நெல்லை அண்ணாவின் கேள்வி, இருப்பதைத் தூக்கிப் போடாமல் என்ன செய்வது என்பது. அந்த விஷயத்தில் ஆப்பிளும் தேதி குறிக்கிறவர்கள்தான். இன்டெல் மேக்குகளுக்கு 2025-ல் வந்த டஹோதான் கடைசிப் பதிப்பு என்று சொல்லிவிட்டார்கள்.

நெல்லை டி.டி.பி.

எல்லாரும் சொன்னதை வைத்து இப்படி முடிவெடுத்திருக்கிறேன். டேலி, கையொப்ப டோக்கன், ஆன்லைன் விண்ணப்பம் மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு புதிய விண்டோஸ் 11 கணினி வாங்குகிறேன். வாடிக்கையாளர் வேர்டில் கொண்டுவரும் ஆய்வேடும் அதிலேயே. ஆறாம் தலைமுறைக் கணினிகள் இரண்டிலும் எஸ்.எஸ்.டி. போட்டு மின்ட். டைப்ரைட்டர் விசைப்பலகையில் அடிக்கும் இரண்டு பேரும் அதில் உட்காருவார்கள். நான்காம் தலைமுறையில் ஒன்றை இணையம் இல்லாமல் பேஜ்மேக்கருக்கு மட்டும் வைத்துக்கொண்டு பி.டி.எஃப்., உரை எடுக்கும் வேலையைத் தொடங்குகிறேன். மற்ற இரண்டை இப்போது தொடவில்லை, மின்ட் சரியாகப் போனால் அவையும் மாறும்.

புதிய கணினியில் கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா?

சர்வர் அறை, சென்னை

நல்ல திட்டம். புதிய கணினிக்கு இரண்டு விஷயம் முக்கியம்.

24எச்2-லிருந்து புதிதாக நிறுவும் விண்டோஸ் 11-ல், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தவுடன் டிஸ்க் முழுவதும் தானாகவே குறியாக்கம் ஆகிவிடும். பாதுகாப்புக்கு நல்லதுதான். ஆனால் மதர்போர்டு மாற்றினாலோ பயாஸில் கை வைத்தாலோ 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். அது அந்தக் கணக்கில் இருக்கும். கணக்கு யார் பெயரில், கடவுச்சொல் என்ன என்று தெரியாதவர்கள் அங்கே மொத்தத் தரவையும் இழக்கிறார்கள். கணினி விற்பவர் தன் மின்னஞ்சலில் கணக்கு திறந்து கொடுக்க விடாதீர்கள். உங்கள் மின்னஞ்சலில் திறந்து, சாவியைத் தாளில் அச்சிட்டுப் பூட்டி வையுங்கள்.

அடுத்தது ஒன்ட்ரைவ். டெஸ்க்டாப், ஆவணங்கள் கோப்புறைகளை அதற்குள் நகர்த்தி ஒத்திசைக்கத் தொடங்கும். இலவச இடம் 5 ஜி.பி.தான். வாடிக்கையாளரின் ஆதார் நகலும் சான்றிதழும் உங்களுக்குத் தெரியாமல் மேகத்துக்குப் போகக் கூடாது. முதல் நாளே கோப்புறைக் காப்பை அணைத்துவிடுங்கள். காப்பு நகலுக்கு வெளி டிஸ்க் ஒன்று வாங்குங்கள்.

விழுப்புரம் பென்குயின்

மின்ட் போடும் கணினிகளில் விண்டோஸையும் பக்கத்தில் வைத்திருக்க நினைத்தால், முதலில் விண்டோஸில் விரைவுத் தொடக்கம் என்பதை அணையுங்கள். அது இயங்கிக்கொண்டிருந்தால் விண்டோஸ் முழுசாக அணையாது, லினக்ஸிலிருந்து அந்த டிஸ்கில் எழுத முடியாது. தட்டச்சு அமைக்கும்போது சிக்கல் வந்தால் இங்கேயே கேளுங்கள்.

யாழ் ஆசிரியை

அண்ணை, உரை எடுக்கும்போது கோப்புப் பெயரில் நூலின் பெயரையும் ஆண்டையும் எழுதி வையுங்கோ. எந்த எழுத்துருவில் அடித்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கோ. நாங்கள் அதைச் செய்யாதவற்றில், எது பாமினி, எது வேறு என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டி வந்தது.

ஈரோடு சர்வீஸ்

ஒரே பெட்டியில் இரண்டு இயங்குதளம் வேண்டாம் அண்ணா, கடையில் யாராவது தவறான தேர்வை அழுத்திவிட்டு உங்களைக் கூப்பிடுவார்கள். எஸ்.எஸ்.டி. போடத்தானே போகிறீர்கள், மின்ட்டை அதில் போடுங்கள். கழற்றிய ஹார்ட் டிஸ்கை அழிக்காமல், எந்தக் கணினியுடையது என்று மேலே ஒட்டி எடுத்து வையுங்கள். மின்ட் ஒத்துவரவில்லை என்றால் அதைத் திரும்ப மாட்டினால் போதும், பழைய விண்டோஸ் பத்து நிமிடத்தில் வந்துவிடும்.